பருத்திக்கொட்டை தின்ற பசுவின் நெய்

என் நெய்யில் என்னுடைய இரண்டு பசுக்களின் வெண்ணெயைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இதை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்லப் போகிறேன். ஏனென்றால் கோயில் போர்டில் ஒட்டிய காகிதத்தின் முதல் வரியில் வேறு விதமாக இருந்தது. முதல் வரியோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் ஊரில் அதிகம்.

நான் எட்டாவது வரை படித்தவள். ஐயம்பேட்டைப் பக்கம் வீடு. வீட்டுக்காரர் காஞ்சிபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பின்பக்கக் கொட்டகையில் இரண்டு பசு. ஒன்று சிவப்பு, ஜெர்சிக் கலப்பு, யார் வேண்டுமானாலும் கறக்கலாம். இன்னொன்று நாட்டு மாடு. பால் கொஞ்சம், கோபம் நிறைய. என்னைத் தவிர யாரையும் பக்கத்தில் விடாது.

எங்கள் தெருவில் போன தலைமுறை வரைக்கும் யாருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள். இப்போது ஒரு வீட்டில் நர்ஸ், ஒரு வீட்டில் எலக்ட்ரீஷியன், எதிர் வீட்டு அக்காவின் தம்பி சர்ச்சில் பாதிரியார். கோயிலுக்கு நெய் கொடுக்கிறவள் நான் ஒருத்திதான்.

அது வேண்டுதலில் ஆரம்பித்தது. சிவப்பு மாடு முதல் கன்று போடும்போது இரண்டு நாள் தவித்தது. மாட்டு டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் கொட்டகையிலேயே உட்கார்ந்து, "தாயே, இது பிழைச்சா முதல் நெய் உனக்குத்தான்" என்றேன். பிழைத்தது. சொன்னபடி ஒரு செம்பு நெய் உருக்கி ஊர் நடுவில் இருக்கிற அம்மன் கோயிலுக்கு எடுத்துப் போனேன். பூசாரி செம்பை வாங்கி மூக்கருகில் வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இந்த வாசனை வந்து எத்தினி நாளாச்சு தெரியுமா? வாரா வாரம் குடும்மா. விளக்குக்கும் இதுதான், பொங்கலுக்கும் இதுதான்."

கமிட்டியில் ஒருவர், "எந்தத் தெருன்னு கேட்டுக்கினீங்களா?" என்றார். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். பூசாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மனுக்கு வாசனைதான் தெரியும்பா, விலாசம் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, மாட்டுக்குப் பருத்திக்கொட்டையைக் கூட்டியதுதான். அம்மனுக்குப் போகிற நெய். தவிடும் புண்ணாக்கும் மட்டும் போட்டு எடுத்தால் போதுமா? ராத்திரி ஊறவைத்து, விடியற்காலையில் கிரைண்டரில் ஆட்டி, பால் பிழிந்து, அந்தப் பாலையும் சக்கையையும் இரண்டு மாட்டுக்கும் வைப்பேன். தெருவில் மற்றவர்கள் ஒரு பிடி போட்டால் நான் ஒரு படி போட்டேன். "உனுக்கு ஆட்டித் தர ஆள் இல்ல, மாட்டுக்கு ஆட்டிக்கினு கிடக்கிற" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நெய் மணல்மணலாகக் கெட்டியாக வரும். எனக்கு அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் பிற்பாடு என் கழுத்தைப் பிடித்தது.

கோயில் நெய்யில் கலப்படம் என்று எங்கே பார்த்தாலும் பேச்சாக இருந்த சமயம். டீக்கடையிலும் அதே பேச்சு, போனிலும் அதே. நம்ம கோயில் நெய்யையும் டெஸ்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். அதில் தப்பில்லை. அம்மனுக்குப் போகிறதைச் சோதிக்கத்தான் வேண்டும். என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவர்கள் வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

செக்ரட்டரி பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கிறவர். எங்கள் வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கூட கமிட்டியில் தெருப் பேர் கேட்டவரும் வந்திருந்தார். நான் அப்போதுதான் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

"ஒரு பாட்டில் நெய் ஊத்திக் குடும்மா. லேபுக்கு அனுப்பணும்."

"நாளைக்குக் காலையில வாங்க சார்."

"ஏன், இப்ப என்ன?"

"வெள்ளிக்கிழமை. விளக்கு வெச்சாச்சு."

சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நெய், எண்ணெய், உப்பு, மோர் எதுவும் எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டாது. லட்சுமி உள்ளே வருகிற நேரத்தில் அவள் கையில் இருப்பதைப் பிடுங்கி வெளியே கொடுக்கிற மாதிரி அது. அவர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், அவர் சம்சாரத்தைக் கேட்டால் தெரியும். ஆனால் அவர் சிரித்தார்.

"கோயிலுக்குத்தானே கேக்கறேன்? அம்மனுக்குக் குடுக்க நாள் பாக்கறியா?"

"அம்மனுக்கா கேட்டீங்க? பாட்டிலுக்கு இல்ல கேட்டீங்க?"

பக்கத்தில் நின்றவர் அவர் காதோரம் சொன்னார், ஆனால் எனக்கும் கேட்டது. "ஒரு ராத்திரி டைம் கேக்குதுபா."

மறுநாள் காலையில் வந்தார்கள். பாத்திரத்தில் இருந்து அவர்கள் கண்ணெதிரே ஊற்றிக் கொடுத்தேன். மூடிக்கு டேப் சுற்றி, அதன்மேல் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

லேபில் இருந்து காகிதம் வந்தது எனக்குக் கோயிலில்தான் தெரிந்தது. வழக்கம்போல செம்போடு போனால் பூசாரி கை நீட்டவில்லை. போர்டைக் காட்டினார். நாலு குண்டூசி குத்தி ஒரு தாள். இங்கிலீஷ். மேலே சிவப்பு மையில் யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்: நெய்யில் வேற்றுக் கொழுப்பு இருக்கலாம்.

செம்பு கையில் சூடாக இருந்தது. அம்மனைப் பார்த்தேன். அங்கே யார் வீட்டு எண்ணெயோ எரிந்துகொண்டிருந்தது.

'வேற்றுக் கொழுப்பு' என்ற சொல் தெருவுக்குத் தெரு வேறு வேறு அர்த்தத்தில் போனது. டால்டா என்றார்கள் முதலில். சந்தைக்குப் போகிற வழியில் இரண்டு பேர், "அவங்க தெருவுல எதைச் சமைக்கறாங்களோ அதுதானே கலக்கும்" என்று பேசிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் வருவது தெரியாது அவர்களுக்கு. தெரிந்திருந்தாலும் பேசியிருப்பார்கள்.

அழுதேனா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அழவில்லை. அன்றைக்கு மாட்டுக்கு இன்னும் ஒரு கை பருத்திக்கொட்டை கூட்டிப் போட்டேன்.

"விட்டுடுமே" என்றார் வீட்டுக்காரர். "பாலை சொசைட்டிக்கு ஊத்திட்டு வேலையப் பாரு. அவங்ககிட்ட மோதினு இருந்தா ஆவுமா?"

"ஊத்தினா, நான் கலந்தேன்னு ஒத்துக்கினதா ஆயிடும்."

"யாரு சொல்லப்போறாங்க?"

"எல்லாரும் சொல்லிக்கினுதான் இருக்காங்க. நீங்க ஆட்டோல ஏத்திக்கினு போறவங்களே சொல்றாங்க. உங்களுக்குக் காது கேக்கலையா?"

அவர் ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கேட்டிருக்கிறது.

நான் செக்ரட்டரி கடைக்கே போனேன். பட்டுப்புடவை விரித்து நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு நடுவில் போய் நின்றேன்.

"நான் எதையும் கலக்கல சார்."

"நானா சொல்றேன்? மிஷின் சொல்லுதும்மா. மிஷினுக்கு ஜாதி தெரியுமா? உன்மேல அதுக்கு என்ன விரோதம்?"

கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் இருந்தது. பிறகு சொன்னேன்:

"சரி சார். அப்ப மிஷின் என்ன சொல்லிச்சின்னு நான் மிஷின்கிட்டயே கேட்டுக்கறேன்."

காகிதத்தைப் போனில் படம் எடுத்து, அதில் இருந்த விலாசத்தை எதிர் வீட்டு அக்காவிடம் படிக்கச் சொன்னேன். லேப் ஒரகடம் போகிற வழியில் இருந்தது. வீட்டுக்காரர் ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு என்னைக் கூட்டிப் போனார். ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் கூட்டிப் போனார்.

வாசலில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. "சாம்பிள் குடுத்தவங்களதான் விடுவேன். நீ யாரு?" "நான் சாம்பிள் குடுத்தவ இல்லப்பா, சாம்பிளே நான்தான்" என்றேன். மதியம் வரைக்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவனே சலித்துப்போய் உள்ளே போன் போட்டான்.

வந்தது ஒரு பொம்பளை. என் வயசுதான் இருக்கும். வெள்ளைக் கோட்டு, தலையில் பிளாஸ்டிக் குல்லா. அந்த டெஸ்டைச் செய்த மேடம் அவர்தான். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கடைசி வரியப் படிச்சீங்களாம்மா?"

"எனக்கு இங்கிலீஷ் வராது மேடம். படிக்கத் தெரிஞ்சவங்களும் மேல் வரியோட நிறுத்திட்டாங்க."

அவர் படித்துத் தமிழில் சொன்னார். வழக்கமான அளவுக்கு வெளியே இருக்கிறது, தீவனத்தாலும் இப்படி வரலாம், உறுதி செய்ய வேண்டுமானால் அதே மாட்டின் பாலோடு ஒப்பிட வேண்டும். இவ்வளவும் அந்தத் தாளிலேயே இருந்திருக்கிறது. நாலு குண்டூசியில் கீழ்ப்பக்கத்து ஊசி ஒன்று அந்த வரி மேலேதான் குத்தியிருந்தது.

"மாடு என்ன சாப்பிடுது?" என்று கேட்டார்.

இத்தனை பேர் இத்தனை கேட்டார்களே, இதை யாரும் கேட்கவில்லை.

"பருத்திக்கொட்டை."

"எவ்வளவு?"

கையால் படியளவு காட்டினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தினமுமா?"

"அம்மனுக்குப் போற நெய் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. எங்களைக் கண்ணாடிக் கதவு வரைக்கும் கூட்டிப் போய் மிஷினைக் காட்டினார். நான் ஏதோ ராட்சச எந்திரம் என்று நினைத்திருந்தேன். ஸ்டவ் அடுக்கி வைத்த மாதிரி நாலைந்து பெட்டி, ஒன்றன் மேல் ஒன்று. நடுவில் ஒரு இரும்புக் குழாய், ஒரு சாண் நீளம், விரல் தடிமன்கூட இல்லை. என் மானத்தை வாங்கியது அந்தக் குழாய்தான்.

மேடம் பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நெய்யை ஒரு திரவத்தில் கரைத்து ஊசிமுனை அளவு உள்ளே விடுகிறார்கள். பம்ப் அதை அந்தக் குழாய்க்குள் தள்ளுகிறது. குழாய்க்குள் மாவைவிட நைசான பொடி இறுக்கி அடைத்திருக்கிறது. கொழுப்பு என்பது ஒரே சாமான் இல்லை. ஒரு தண்டில் மூன்று கொழுப்பு அமிலம் கோத்த மாதிரி, பல தினுசு.

"மூணு இழை சேர்த்து முறுக்கின பட்டு மாதிரியா?" என்றேன்.

"அதேதான். சில இழை குட்டை, சில இழை நீளம். குட்டை இழை இருக்கிறது சீக்கிரம் வெளிய வந்துடும். நீள இழைக்கு அந்தப் பொடிமேல ஒட்டுதல் ஜாஸ்தி. நின்னு நின்னுதான் வரும்."

எனக்கு உடனே கருட சேவைக் கூட்டம் கண்ணில் வந்தது. தெருவில் சொந்தக்காரர் யாரும் இல்லாதவன் விடுவிடுவென்று போய்விடுவான். வீட்டுக்கு வீடு உறவு இருக்கிறவளோ ஒவ்வொரு வாசலிலும் நின்று, மோர் குடித்து, பேசி, கடைசியில்தான் தெருமுனைக்கு வந்து சேர்வாள். ஒன்றாகக் கிளம்பியவர்கள் முனைக்கு வரும்போது தனித்தனியாக ஆகியிருப்பார்கள். முனையில் ஒருவன் நின்று யார் எப்போது வந்தார்கள், எத்தனை பேர் என்று குறித்துக்கொண்டால் எப்படியோ, அப்படித்தான் இது. வெளியே வருகிறதைப் புகையாகத் தெளித்து, திரவத்தை உலர்த்தி, மிச்சமிருக்கிற கொழுப்புத் தூசிமேல் வெளிச்சம் அடிக்கிறார்கள். ஓட்டுப் பொத்தல் வழியாக விழுகிற வெயிலில் தூசி பளிச்சிடுமே, அந்த மாதிரி. எவ்வளவு பளிச்சிடுகிறதோ அவ்வளவு உயரத்துக்குக் கோடு ஏறும்.

"பசு நெய்யில் முன்னாடி வர்ற கோபுரங்க இவ்வளவு உயரம் இருக்கணும்" என்று ஒரு தாளைக் காட்டினார். "உங்க நெய்யில குட்டையா இருக்குது. பின்னாடி வர்றது உயரமா இருக்குது. கலப்படம் பண்ணாலும் இப்படித்தான் வரும். பருத்திக்கொட்டை மூக்குமுட்டத் தின்ன மாட்டுக்கும் இப்படி வரும்."

"அப்ப அந்த மாடும் கலப்படமா மேடம்?" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இன்னொரு விஷயமும் சொன்னார். செடி எண்ணெய் கலந்திருந்தால் செடியில் மட்டும் இருக்கிற ஒரு பொருளும் கூட வரும். மிச்சமிருந்த நெய்யில் அதையும் பார்த்துச் சொல்கிறேன் என்றார். பார்த்து, போனில் சொன்னார், இல்லை என்று. டால்டா, பாமாயில் பேச்சு அதோடு போயிற்று. ஆனால் அவரே சொன்னார்: "இதோட விட்டா, செடிக் கொழுப்பு இல்லன்னா வேற கொழுப்பும்பாங்க. புரியுதாம்மா?"

புரிந்தது. சந்தை வழியில் என் முன்னால் நடந்து போனவர்கள் அதைத்தான் சொன்னார்கள்.

"உங்க மாட்டுப் பாலையே எடுத்து நான் கொழுப்பைப் பிரிச்சுப் பாக்கணும். தீவனத்த மாத்தாதீங்க. கமிட்டி ஆளு சாட்சிக்கு நிக்கணும். பாலை நான் சீல் பண்ணி எடுத்துக்கினு போவேன். இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. அந்த ஒரு ராத்திரி உங்க கையில இருந்திச்சில்ல, அதைச் சொல்லிக்கினே இருப்பாங்க. அதனால இந்தத் தடவை உங்க கை படக் கூடாது."

கோபம் வந்தது. என் மாட்டை நான் தொடக் கூடாதாம். ஆனால் சொல்லிக்காட்ட அந்த வெள்ளிக்கிழமையை அவர்களுக்கு நானே கொடுத்தேன். சாமி விஷயம் என்று நான் நின்றது அவர்களுக்குத் திருட்டுப் புத்தியாகத் தெரிந்தது. தெரியட்டும். மறுபடி அதே நாள் அதே நேரம் வந்தாலும் நான் அதையேதான் செய்வேன் என்று மனசில் நினைத்துக்கொண்டேன்.

நினைத்த மாதிரியே வந்தது. நாள் குறிக்கும் பொறுப்பு செக்ரட்டரியிடம் போனது. அவர் குறித்தது வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை.

அன்றைக்கு எங்கள் தெருவே கொட்டகைக்கு வந்துவிட்டது. மேடம் ஐஸ் பெட்டியோடு காரில் வந்து இறங்கினார். செக்ரட்டரி வெள்ளை வேட்டி, பட்டை பட்டையாகத் திருநீறு. நான் விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்தேன். அவர் உள்ளே எட்டி விளக்கைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு.

"இன்னிக்கும் வெள்ளிக்கிழமைதான்மா. விளக்கும் வெச்சாச்சு போல. இப்பக் குடுப்பியா, நாளைக்கு வரணுமா?"

"நான் குடுக்க மாட்டேன் சார்."

வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடம்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என் வீட்ல இருந்து ஒரு சொட்டு வெளிய போவாது. ஆனா மாடு கொட்டகையில நிக்குது. மடியில இருக்கிற பால் இன்னும் என் வீட்டுக்குள்ள வரல, அது இன்னும் மாட்டோடது. என் கையும் படக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க." நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீங்களே கறந்துக்குங்க."

எதிர் வீட்டு அக்கா முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும்.

"நானா?" என்றார் செக்ரட்டரி.

"சாட்சிக்கு வந்தவரு நீங்கதானே? வேற யாரு கறந்தாலும் அவங்க எங்க தெரு ஆளுன்னு சொல்லுவீங்க."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம், "அது நல்ல யோசனைதான் சார்" என்று கையுறை ஒன்றை நீட்டினார். அதற்குமேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிவப்பு மாட்டண்டை உட்கார்ந்தார்.

நான் வாயால் மட்டும் சொன்னேன். "முதல்ல கன்னுக்குட்டிய விடுங்க... இப்பப் புடிச்சிக் கட்டுங்க... கட்டைவிரல மடக்கிக்குங்க. மேல புடிச்சிக் கீழ வாங்க."

ஒன்றும் வரவில்லை. வியர்த்தது அவருக்கு. மாடு திரும்பி அவரைப் பார்த்தது.

"சார், அது சரிகை இல்ல, சுரண்டிப் பாக்கறதுக்கு!" என்றாள் எதிர் வீட்டு அக்கா. "அமுக்குங்க, ஏசப்பா பாத்துக்குவாரு!"

"நீ சும்மா இரும்மா" என்றார், ஆனால் சொன்ன கையோடு முதல் பீய்ச்சு பாத்திரத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு கணம் கமிட்டியும் டெஸ்டும் எல்லாம் மறந்து, சின்னப் பிள்ளை மாதிரி மேடத்தைப் பார்த்து, "வருது!" என்றார்.

நெய் இரண்டு மாட்டுப் பாலில் எடுத்தது. அதனால் நாட்டு மாட்டையும் கறந்தாக வேண்டும். அது என்னவோ கமிட்டியில் யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் தெரிந்த மாதிரி காத்திருந்தது. அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், ஒரே உதை. பாத்திரம் உருண்டது. வெள்ளை வேட்டியில் சாணிக் குளம்பு அச்சு. நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. நான் ஓடிப்போய்த் தடவிக் கொடுக்கப் பார்த்தேன், "கை, கை!" என்று மேடம் கத்தினார். பின்னால் கட்டியபடியே மாட்டின் காதண்டை போய் நின்று, "சும்மா இருடி, அம்மனுக்குடி" என்று பேசிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது தடவையில் அரை டம்ளர் கறக்க விட்டது. அது போதும் என்றார் மேடம். சீல் வைத்தார், கையெழுத்து வாங்கினார். இந்தத் தடவை அதில் செக்ரட்டரி கையெழுத்து.

முடிவு வந்த அன்றைக்கு எங்கள் இரண்டு பேரோடு செக்ரட்டரியும் லேபுக்கு வந்தார். மேடம் இரண்டு தாள் கொடுத்தார். ஒன்று என் நெய். இன்னொன்று அவர் கறந்த பாலில் இருந்து பிரித்த கொழுப்பு. நான் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முன்னால் இருந்த குட்டைக் கோபுரம் குட்டைக் கோபுரத்தின்மேல் உட்கார்ந்தது. பின்னால் இருந்த உயரம் உயரத்தின்மேல். கோட்டுக்குக் கோடு, ஒரே ஆள் போட்ட கோலம் மாதிரி.

செக்ரட்டரி வாங்கிப் பார்த்தார். புடவையில் கரை சேர்கிற கோர்வையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரிதான்" என்றார். பிறகு என்னிடம், "பருத்திக்கொட்டையக் கொஞ்சம் கொறச்சுக்கோம்மா. அடுத்த டெஸ்டுல இந்தப் பிரச்சினை வராது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அது தெரிந்தது. ஆனால் எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

"சார், உங்க கடைச் சரிகைய மிஷின்ல வெச்சுப் பாப்பாங்க இல்ல? அளவுக்கு மேல வெள்ளி இருக்குதுன்னு மிஷின் சொன்னா, அடுத்த புடவையில வெள்ளியக் கொறச்சிடுவீங்களா?"

மேடம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ தேடினார்.

"எங்க மாடு தின்றதை அது தின்னும். டெஸ்ட் வாரா வாரம் வேணா எடுங்க. கதவு தெறந்துதான் இருக்குது. ஆனா இந்தத் தாளு போர்டுல ஏறணும். அதே எடத்துல, அதே நாலு ஊசி. அது பத்தொன்பது நாள் இருந்திச்சு, நான் எண்ணினேன். இதுவும் பத்தொன்பது நாள் இருக்கணும். சிவப்பு மையில தமிழ்ல எழுதணும். ஊசி எழுத்து மேல குத்தக் கூடாது."

"ஒட்டிடலாம்."

"ஒட்டிடலாம் இல்ல சார். இன்னிக்கு."

அன்றைக்கே ஒட்டினார். சிவப்பு மையில் அவரே எழுதினார், கடைசி வரி வரைக்கும். மறுநாள் சனிக்கிழமை நான் செம்போடு போனபோது பூசாரி இரண்டு கையையும் நீட்டினார். விளக்கில் ஊற்றியதும் திரி ஒரு தடவை படபடத்துவிட்டு நின்று எரிந்தது. அவ்வளவுதான். தெருப் பேர் கேட்டவர் மன்னிப்புக் கேட்கவில்லை. சந்தை வழியில் பேசினவர்களும் கேட்கவில்லை. என்னைக் கண்டால் பேச்சை மாற்றுகிறார்கள். நான் மாற்றுவதில்லை. "நெய் வேணுமா?" என்று நேராகவே கேட்கிறேன்.

ஆடி வந்தது. முதல் வெள்ளி. சாயங்காலம் நான் முகம் கழுவி, விளக்குத் துலக்கி, திரி போட்டு, நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்தேன். தெருமுனையில் ஸ்கூட்டர் வருகிற சத்தம். வண்டி வாசலில் நிற்பதற்குள் அதில் வந்தவர் கூப்பிட்டுவிட்டார்.

"விளக்கு வெச்சிட்டீங்களாம்மா?"

செக்ரட்டரி. மூச்சு வாங்கியது. கையில் கோயில் தூக்குவாளி.

"இன்னும் இல்ல சார்."

"அப்பாடா. கூட்டம் தாங்கல. நெய் சுத்தமாத் தீந்துபோச்சு. ஆறு மணி ஆயிடப் போவுதுன்னு பைபாஸ் சுத்தி ஓடி வரேன்."

தூக்குவாளி நிறைய ஊற்றிக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, மூடியை அழுத்தினார். ஸ்கூட்டரைக் கிளப்பாமல் எங்கள் வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நின்று, திரும்பிப் பார்த்தார்.

"இப்ப ஏத்துங்க" என்றார்.

நான் நெருப்புக் குச்சியைக் கிழித்தேன்.